சிறுநீர் டெஸ்டை நம்பி டெலஸ்கோப் சோதனையை விட்டுவிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியை நாலு மாதத்துக்கு முன் கோவையில் சுரண்டி எடுத்தார்கள். "சிறுநீரில் ஒரு புரோட்டீனைப் பார்த்தாலே திரும்ப வருமா என்று தெரிந்துவிடும், இனிமேல் குழாய் விட வேண்டாம்" என்கிறார் வீட்டுக்கு வந்து மாதிரி எடுக்கும் லேப்காரர். பத்தாயிரம் ஆகுமாம். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முதலில் டெலஸ்கோப் சோதனைக்கு, அதாவது சிறுநீர்ப் பாதை வழியாகக் குழாய் விட்டுப் பையின் உள்ளே பார்ப்பதற்கு, தேதி வாங்குங்கள். கட்டியை எடுத்த மூன்றாம் மாதம் உள்ளே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதியே போடாமல் 'தேவைப்பட்டால் வரவும்' என்று கிறுக்கி அனுப்பினால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? இந்தக் கட்டி வலியே இல்லாமல் திரும்ப முளைக்கும்.

லேப்காரர் சொல்வது முழுப்பொய் இல்லை. புற்றுச் செல்கள் உதிரும்போது சில புரதங்கள் சிறுநீரில் கலக்கின்றன. என்எம்பி22, பிடிஏ என்ற சோதனைகள் அவற்றைத்தான் தேடுகின்றன. ஆனால் அந்தப் புரதங்கள் புற்றுநோய்க்கு மட்டும் உரியவை அல்ல. கல் இருந்தாலும், நீர்த்தொற்று இருந்தாலும், சமீபத்தில் குழாய் விட்டிருந்தாலும் அளவு ஏறும். பட்டறை வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் நின்றவர்களுக்குக் கல் என்ன புதிதா? சிறுநீரில் ரத்தம் கலந்திருந்தாலே பிடிஏ பாசிட்டிவ் காட்டிவிடும். ஒன்றுமில்லாததற்கு ஸ்கேன், இன்னொரு டெஸ்ட், இன்னொரு கமிஷன் என்று போகும்.

நெகட்டிவ் வந்தால்தான் எனக்குப் பயம். வீரியம் குறைந்த சின்னக் கட்டிகளை இந்தச் சோதனைகள் அடிக்கடி தவறவிடுகின்றன. அந்தத் தாளை பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்து, ரத்தம் கட்டிகட்டியாகப் போகும்போது ஓடி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னொன்று: சாதாரண யூரின் டெஸ்டில் 'அல்புமின்' என்று வருவது கிட்னி சம்பந்தப்பட்டது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி என்ன ஆகும் என்பதை ஓரளவு சொல்வது பயாப்ஸி ரிப்போர்ட். எத்தனை கட்டி, 3 செ.மீ.க்கு மேலா, ஹைகிரேடா (வீரியம் அதிகமா) லோகிரேடா (குறைவா), எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, இவைதான் கணக்கு. 'மாதிரியில் தசை இல்லை' என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஆழத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. பலருக்கு முதல்முறை சுரண்டிய 2 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டிவரும். அந்த ரிப்போர்ட்டை வாங்க நாலு கவுன்டர் அலைய விடுவார்கள். அலைந்தாவது வாங்கிவிடுங்கள்.

டெலஸ்கோப்புக்குப் பதிலாக சிறுநீர் மார்க்கரை, அதாவது இந்தப் புரத டெஸ்டை, வைத்துக்கொள்ள ஒரே ஒரு இடம் உண்டு. வயதானவர், இதயக் கோளாறோ வேறு உபாதையோ இருந்து டெலஸ்கோப்பைத் தாங்க முடியாதவர், அல்லது எவ்வளவு சொன்னாலும் மறுப்பவர். அவருக்கு இருந்த கட்டியும் லோகிரேடாக, மேலோட்டமானதாக இருந்திருக்க வேண்டும். மூன்றாம் மாதம் பார்த்தபோது உள்ளே சுத்தமாக இருந்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவருக்கு அல்ட்ராசவுண்டும் மார்க்கரும் போதும் என்று யூராலஜி டாக்டர் முடிவெடுக்கலாம். அப்போதும் நீர்த்தொற்று ஆறிய பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும், குழாய் விட்ட கையோடு எடுக்கக் கூடாது. எழுதித் தருபவர் டாக்டராக இருக்க வேண்டும், பைக்கில் வருபவர் அல்ல. ஹைகிரேடு என்றால் இந்தப் பேச்சே கிடையாது. உங்கள் அப்பாவுக்கு மூன்றாம் மாதச் சோதனையே நடக்கவில்லை. அதனால் இந்த விலக்கு அவருக்கு இப்போது பொருந்தாது.

குழாய் என்றதும் அவர் பயப்படுவார். வளையும் டெலஸ்கோப் என்றால் மரத்துப்போகும் ஜெல்லி தடவிச் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள், அன்றே வீட்டுக்கு வரலாம். ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று போன உடனே கேட்டுவிடுங்கள், பில் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வருவதை ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே சொல்லிவிட்டார். இன்றும் இங்கே ஓ.பி.யில் 'என்ன வேலை பார்த்தீங்க' என்று கேட்பவர்கள் குறைவு. நீங்களாகவே சொல்லுங்கள்: எந்தப் பட்டறை, எத்தனை வருடம், சாயத்தைக் கையால் கலக்கினாரா, பீடி சிகரெட் உண்டா. இன்னும் பிடிக்கிறார் என்றால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.