கடலோரத்தில் ஹாலோ பிளாக் வைத்து வீடு கட்டலாமா? கல்லை நனைத்துத்தான் வைக்க வேண்டும் என்கிறாரே கொத்தனார்?

கேட்டவர் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில், கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளிக் கட்டுகிறாராம். பில்லர் போட்ட வீடு, சுவருக்கு மட்டும் ஹாலோ பிளாக், அதாவது உள்ளே ஓட்டை விட்ட சிமெண்ட் கல். கொத்தனார் செங்கல் மாதிரி தொட்டியில் ஊறப்போடச் சொல்கிறாராம்.

ஊறப்போடாதீர்கள். மீதியைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நான் உச்சிப்புளிக்காரன். நிமிந்தாளாக, அதாவது கொத்தனாருக்கு எடுபிடியாகப் போய், கரண்டி பிடித்து, இப்போது சின்ன வீடுகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துக் கட்டுகிறேன். உங்கள் கொத்தனார் மேல் தப்பில்லை. அவர் கை பழகியது செங்கல்லில். காய்ந்த செங்கல் கலவையில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும், அதனால் நனைக்கிறோம். சிமெண்ட் கல்லின் குணம் வேறு. ஈரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வீங்கும், காய்ந்தால் சுருங்கும். ஈரத்தோடு சுவர் ஏற்றிப் பூசிவிட்டால், மூன்று மாதம் கழித்து நம் ஊர் வெயிலில் அது சுருங்குகிறபோது ஜாயிண்ட் வழியாகப் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும். அப்போது எல்லோரும் அஸ்திவாரத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 2572 என்று இந்த வேலைக்கே ஒரு நெறிமுறை இருக்கிறது. கல்லை நனைக்கத் தேவையில்லை, வெக்கை மிஞ்சினால் கலவை படுகிற முகத்தை மட்டும் லேசாக ஈரப்படுத்தலாம் என்கிறது. நான் பெயிண்ட் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி ஒரு இழுப்பு இழுக்கச் சொல்வேன். அவ்வளவுதான்.

கல் தயாரிக்கிறவரிடம் எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள். "எந்தத் தேதியில் போட்ட கல்லு?" என்று கேளுங்கள். ஐ.எஸ். 2185 கணக்குப்படி, புதிதாகப் போட்ட கல் இறுக அவர் 14 நாள் தண்ணீர் காட்ட வேண்டும், அப்புறம் 4 வாரம் காயவிட வேண்டும். ஆகக் கூடி ஆறு வாரம். நம் பக்கம் பத்தாம் நாளே லாரி ஏறிவிடும். அப்படி வந்தால் உங்கள் இடத்திலேயே காற்றுப் புகுகிற மாதிரி அடுக்கி மீதி நாளைக் கழியுங்கள். வெறும் மண்ணில் அடுக்க வேண்டாம், கீழே பலகையோ பழைய கல்லோ கொடுங்கள். நம் மண்ணின் உப்பீரம் கல்லில் ஏறும். ஐப்பசி, கார்த்திகை என்றால் மேலே தார்ப்பாய்.

கல் தரமா என்று பார்க்கப் பலர் இரண்டு கல்லைத் தட்டிச் சத்தம் கேட்பார்கள். நானும் தட்டுவேன், ஆனால் அதை நம்பிப் பணம் கொடுக்க மாட்டேன். வெயிலில் நன்றாகக் காய்ந்த ஒரு கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவிட்டு, துடைத்து மறுபடி எடை போடுங்கள். நூற்றுக்குப் பத்துக்கு மேல் எடை கூடக் கூடாது. 18 கிலோ கல் என்றால் 1.8 கிலோ. அதைத் தாண்டினால் அது கல் இல்லை, பஞ்சு. (ஊறப்போட்ட அந்த ஒரு கல்லைத் திரும்பச் சுவரில் வைத்துவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், வைத்த ஆளை எனக்குத் தெரியும்.)

அடுத்தது உப்பு. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. பவளக்கல் வைத்துக் கட்டியது. அதற்குப் பிறகு, நம் கண் முன்னே கட்டிய எத்தனையோ வீடுகளில் சன்ஷேடு பிளந்து கம்பி தெரிகிறது. கடலோரத்தில் முதலில் சாவது கம்பிதான். துருப்பிடித்த கம்பி ஊதி, மேலே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளிவிடும். ஹாலோ பிளாக்கில் கம்பி இல்லைதான், ஆனால் உப்புத் தண்ணீரில் போட்ட கல்லிலும் கலவையிலும் இருக்கிற உப்பு, வாசல் ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டலுக்கும் பில்லருக்கும் போகும், பூச்சில் வெள்ளையாகப் பூக்கும். கடல் மணலைக் கழுவிப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எம்-சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்த மணல் போதும். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கம்பி இருக்கிற கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 456. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் நாக்கிலேயே தெரிந்துவிடும். டேங்கர் வாங்குவது செலவுதான், வாங்குங்கள்.

கம்பிக்கு மேலே கான்கிரீட் மூடாக்கும் முக்கியம். கடற்காற்று நேராக அடிக்கிற இடத்தில் 45 மில்லிமீட்டர் என்கிறது அதே நெறிமுறை. ஜல்லித் துண்டை முட்டுக் கொடுக்கிற வழக்கத்தை விட்டுவிட்டு, கம்பிக்கு அடியில் இடைவெளி பிடிக்கிற கவர் பிளாக் வாங்கிக் கட்டச் சொல்லுங்கள்.

சுவர் வைக்கிற விதம் பற்றிக் கொஞ்சம். தரைமட்டத்துக்குக் கீழே ஓட்டையில்லாத சாலிட் கல், பிளிந்த் பீமுக்கு (அஸ்திவாரத்துக்கு மேலே ஓடுகிற பீம்) மேலே ஹாலோ. முதல் வரிசையைக் கலவை இல்லாமல் ஒருமுறை பரப்பிப் பாருங்கள், வாசல் ஜன்னலுக்கு எங்கே வெட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிடும். ஓட்டையின் விளிம்பு தடித்திருக்கிற பக்கம் மேலே வர வேண்டும், அப்போதுதான் அடுத்த வரிசைக் கலவை உட்கார இடம் இருக்கும். கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல், ஜாயிண்ட் 10 மில்லிமீட்டர். சிமெண்டைக் கூட்டினால் நல்லது என்று அள்ளிப் போடாதீர்கள், கலவை கல்லைவிடக் கடினமானால் கல்லே வெடிக்கும். வைத்த கல்லின் கலவை இறுகிய பிறகு தூக்குக்குண்டு பார்த்து "கொஞ்சம் தட்டிக்கிறேண்ணே" என்று சுத்தியலை எடுப்பார்கள். தட்டவிடாதீர்கள். பிடிப்பு விட்டுப்போகும். எடுத்து, பழைய கலவையைச் சுரண்டி, புதிதாக வைக்க வேண்டும். கதவு நிலை வருகிற பக்கத்து ஓட்டைகளில் கான்கிரீட் நிரப்புங்கள். பீமுக்கு அடியில் கடைசி ஜாயிண்டை ஒரு வாரம் விட்டு வைத்து அடையுங்கள். பில்லரும் சுவரும் சேருகிற இடத்தில் கோழிவலை அடித்துவிட்டுப் பூசுங்கள்.

இனிமேல் சொல்வது என் தப்பு. 2013 ஆடி. தங்கச்சிமடம் பக்கம் ஒரு காம்பவுண்டு சுவர், நாலு இன்ச் சாலிட் கல். வீட்டுக்காரர் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் அவசரப்படுத்த, ஒரே நாளில் ஆறடி ஏற்றிவிட்டேன். பில்லர் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு. மத்தியானம் அந்தச் சுவர் நிழலில்தான் சித்தாள்கள் மூன்று பேரும் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டார்கள். ராத்திரி கச்சான் காற்று ஏறியது. விடிந்து போய்ப் பார்த்தால் முப்பதடிச் சுவர் ஒரே பாயாகப் படுத்துக் கிடந்தது. விழுந்த பக்கம், அவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம். அதில் ஒரு அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இது பகல்ல விழுந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு வரிசை, அதாவது நாலடிதான். காம்பவுண்டு என்றால் எட்டடிக்கு ஒரு பில்லர், அதுவும் சுவரோடு சேர்ந்தே ஏற வேண்டும். கலவை இறுகாத பச்சைச் சுவருக்கு இரண்டு பக்கமும் சவுக்கு முட்டு. நிழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் புதுச் சுவரடியில் யாரும் உட்காரக் கூடாது. இன்னொன்று, பிளிந்த்தில் புதுச் சுவருக்கு ஒரு பக்கம் மட்டும் மண்ணைக் கொட்டி மேவினால் அதுவும் இதே மாதிரி சாயும்.

கல்லின் எடையையும் யோசியுங்கள். எட்டு இன்ச் சாலிட் கல் 35 கிலோ வரும், ஆறு இன்ச் சாலிட் 26. 1998-இல் வந்த கட்டடத் தொழிலாளர் மத்திய விதிகள் பெண்களுக்கு 30 கிலோவுக்கு மேல் சுமை கூடாது என்றன. ஆக எட்டு இன்ச் சாலிடைச் சித்தாள் தலையில் ஏற்றவே கூடாது, இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும். சாரத்தின் மேல் ஒரே இடத்தில் கல்லைக் குவிக்காதீர்கள், வைக்க வைக்க ஏற்றுங்கள். மெஷினில் வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள், அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். முகத்தில் துண்டைச் சுற்றினால் தூசி நிற்காது, மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். கையுறையும் வாங்கிக் கொடுங்கள். சாயங்காலம் சிமெண்டில் வெந்துபோன விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வதைத் தொழிலின் பகுதி என்றே நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஊறப்போட்ட கல் இருந்தால் வெளியே எடுத்து, இடைவெளி விட்டு அடுக்கி, நன்றாகக் காயும்வரை தொடாதீர்கள். பெரியபட்டினம் எனக்குப் பக்கம்தான். ஒரு கல்லை எடை போட்டுவிட்டு இரண்டு எடையையும் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.