கழற்றிய ஆயில் சீலைக் கையில் வாங்குங்கள்

திருமங்கலம் வாசகர்: 1998 மாருதி 800. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. எட்டு மாதத்தில் இரண்டு முறை கிராங்க் பின்பக்க சீல் மாற்றியும் நிற்கவில்லை. எந்த கம்பெனி சீல் நல்லது?

கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். (கிராங்க் என்பது எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு. சீல் என்பது அந்தத் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்.) முதலில் சொட்டுகிற எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கறுத்து, கருகிய வாடை வந்தால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். அப்படியென்றால் கசிவது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல், அதாவது எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோகும் தண்டின் சீல். கிராங்க் சீலைப் பத்து முறை மாற்றினாலும் பயனில்லை.

எஞ்சின் ஆயில்தான் என்றால் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கிராங்கில் சீலின் உதடு, அதாவது அதன் உள்விளிம்பு, உரசும் இடத்தில் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுகிறதா? தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. புது சீலின் உதடும் அதே பள்ளத்தில்தான் போய் உட்காரும். இடம் இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி அடிக்கலாம், இல்லாவிட்டால் கிராங்கின் மேல் மெல்லிய உலோக உறை (ஸ்லீவ்) ஏற்ற வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். அடுத்தது எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் மூச்சுக்குழாயும் பிசிவி வால்வும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். இதைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் மூன்றாவதும் போகும், நான்காவதும் போகும்.

சோழவந்தான் வாசகர்: ஒரே அளவு கிராங்க் சீல். கறுப்பு 70 ரூபாய், பிரவுன் 260 ரூபாய். பிரவுன்தான் வைட்டான் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

வைட்டான் சூடு தாங்கும் ரப்பர் வகை, வாங்கலாம். நிறத்தை நம்பி வாங்கக் கூடாது. ரப்பருக்கு எந்தச் சாயமும் ஏற்றலாம், கறுப்பு வைட்டானும் உண்டு. பெட்டியில் எஃப்கேஎம் (அந்த ரப்பர் வகையின் குறியீடு) என்றோ வைட்டான் என்றோ அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி வரை தாங்கும், வைட்டான் 200 வரை. சக்கர ஹப்புக்கு நைட்ரைல் தாராளமாகப் போதும். கிராங்க் பக்கமும், வால்வுகளை இயக்கும் கேம் தண்டுப் பக்கமும் சூடு அதிகம். கத்திரி வெயிலில் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஊர்ந்து போகிற எஞ்சினில் மலிவான ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும்.

என் மாருதி ஆம்னி வேனுக்கு இந்த இடத்தில்தான் காசு மிச்சம் பிடித்தேன். "பழைய ஸ்டாக் சார், அந்தக் காலத்து ஒரிஜினல்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி நைட்ரைல் சீல் வாங்கினேன். ஐந்தே மாதத்தில் கியர்பாக்ஸை மறுபடி இறக்கினோம். எடுத்த சீலின் உதட்டை வளைத்தபோது காய்ந்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி விண்டது. ரப்பர் பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் வயதாகும். தயாரித்த தேதி இல்லாத பழைய ஸ்டாக்கை நான் இப்போது கையால் தொடுவதில்லை. கியர்பாக்ஸ் இறக்குகிற கூலிக்கு முன்னால் 190 ரூபாய் ஒரு பொருட்டே இல்லை.

மேலூர் வாசகர்: ஆன்லைனில் 40 ரூபாய் குறைவாக 36-50-8 சீல் கிடைத்தது. பழையது 35-50-8. மெக்கானிக் மாட்டிவிட்டார், ஆனால் கசிகிறது.

முதல் எண் ஷாஃப்டின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 35க்கு 36 வாங்கினால் கசியத்தான் செய்யும். சீலிலேயே எண் அச்சிட்டிருக்கிறது, படித்துப் பார்த்து வாங்குவதற்கு என்ன? மாட்டியதைத் திருப்பித் தர வழியில்லை. சரியானதை வாங்குங்கள். அதில் அம்புக்குறி இருந்தால் ஷாஃப்ட் சுற்றும் திசையோடு பொருந்துகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றுத் திசை சீல் எண்ணெயை உள்ளே தள்ளாது, வெளியே இழுக்கும்.

அலங்காநல்லூர் வாசகர்: கசிவை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்கிறார்களே, ஊற்றலாமா?

வேண்டாம். இறுகிய ரப்பரைக் கொஞ்ச நாள் ஊதவைக்கும், தேய்ந்த உதட்டை வளர்க்காது.

உசிலம்பட்டி வாசகர்: கேம் சீல், கிராங்க் முன் சீல், டைமிங் பெல்ட் மூன்றும் மாற்றியதாக 6,200 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் பெல்ட் எண்ணெயில் நனைந்து பல் உரிந்தது. வேறு மெக்கானிக் திறந்து பார்த்து, சீல்கள் பழையவை, மாற்றவே இல்லை என்கிறார். பில் தரவில்லை. நான் ஏமாந்துவிட்டேனா?

நீங்கள் ஏமாறவில்லை, உங்களை ஏமாற்றினார்கள். இதில் உங்களுக்கு வெட்கம் வேண்டாம். கிராங்கையும் கேமையும் இணைக்கும் அந்தப் பெல்ட்டைக் கழற்றும்போதே இரண்டு சீலையும் மாற்றச் சொன்னது மிகச் சரி. எண்ணெய் பட்டால் பெல்ட் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

பல வருடமாக நான் சொல்லிக்கொண்டு வருவது இதுதான். கழற்றிய சாமான் உங்களுடையது. வண்டியை விடும்போதே "பழைய சீலை எடுத்து வையுங்கள், வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சின்ன வளையம் நிறையச் சொல்லும். உதடு தட்டையாகத் தேய்ந்திருந்தால் வயதாகிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சீல் கோணலாக ஏறியிருக்கும், அல்லது பேரிங் ஆடும். உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் கழன்றிருந்தால் அடித்து ஏற்றும்போதே நழுவியிருக்கலாம். வெளி விளிம்பில் ஸ்குரூடிரைவர் நெம்பிய தழும்பு இல்லையென்றால், அது உங்கள் வண்டியிலிருந்துதான் வந்ததா என்று கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். எங்கள் தெரு மெக்கானிக் கேட்காமலேயே பழையதைத் துடைத்து சீட்டில் வைத்துவிடுவார்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தப் பழைய சீல்களையும் பெல்ட்டையும் பத்திரப்படுத்துங்கள், படம் எடுங்கள், இரண்டாவது மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். பணம் போனில் அனுப்பியிருந்தால் அதுவே சாட்சி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி பில் தராததே முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அசையவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே போகலாம். போங்கள்.

மதுரை, வில்லாபுரம் வாசகர்: அப்பாவின் அம்பாசடர், பழைய 1489 சிசி பெட்ரோல். நிறுத்தினால் பின்பக்கம் நாலு சொட்டு விழுகிறது. பின் சீல் மாற்ற 9,000 ரூபாய் கேட்கிறார்கள்.

அந்த எஞ்சினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கிலேயே மரை போலச் சுருளாக வெட்டி, ஓடும்போது எண்ணெயை உள்ளே திருப்புகிற அமைப்பு. எதை மாற்றப் போகிறார்கள் என்று கேளுங்கள். நாலு சொட்டுக்கு அடியில் ஒரு தட்டு போதும்.