காது இரைச்சல்: மாத்திரைக்கு முன்னால் காரணத்தைத் தேடுங்கள்

கேள்வி: ஒரு வாரமாக வலது காதில் மட்டும் 'ஙொய்' என்று சத்தம் டாக்டர். பஞ்சுக் குச்சியால் தினமும் சுத்தம் செய்தும் போகவில்லை.

பதில்: அந்தக் குச்சியே காரணமாக இருக்கலாம். குரும்பி கொஞ்சம்தான் பஞ்சில் ஒட்டி வரும், மீதியை அது செவிப்பறை வரைக்கும் தள்ளி அடைத்துவிடும். குச்சியை நிறுத்திவிட்டுக் காதைக் காட்டுங்கள், குரும்பியை எடுத்ததுமே சத்தம் அடங்கியவர்கள் உண்டு. எடுத்த பிறகும் ஒரே பக்கம் தொடர்ந்தால் கேட்கும் திறன் சோதனை, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. கேட்கும் நரம்பை ஒட்டி அரிதாக ஒரு கட்டி வளரும், புற்றுநோய் இல்லை, ஆனாலும் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: எனக்கு 'டப் டப்' என்று கேட்கிறது. படுத்தால் இன்னும் அதிகம்.

பதில்: மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே தாளத்தில் வந்தால், உங்கள் காதில் கேட்பது ரத்தம் ஓடும் சத்தம். இந்த வகையை 'பழகிக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிடுவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம், ஏனென்றால் தேடினால் காரணம் கிடைக்க நல்ல வாய்ப்பு இதில்தான் இருக்கிறது. ரத்தசோகை இருந்தாலும் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்த ஓட்டம் வேகமெடுக்கும், அதைச் சரிசெய்தால் சத்தமும் குறையும். அதனால் முதலில் அந்த ரத்தப் பரிசோதனைகள், கூடவே பிரஷர், அப்புறம் தலை, கழுத்து ரத்தக் குழாய்களுக்கு ஸ்கேன். தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்திருந்தால் தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம், கண் டாக்டரையும் உடனே பாருங்கள்.

கேள்வி: மூட்டுவலிக்கு ஆஸ்பிரின் நிறையச் சாப்பிடுகிறேன். அதனாலா?

பதில்: இருக்கலாம். அதிக அளவில் எடுத்தால் இரைச்சல் வரும், குறைத்தால் பெரும்பாலும் போய்விடும், மருந்து கொடுத்தவரிடம் பேசி மாற்றுங்கள். இதயத்துக்காகச் சிறிய அளவில் கொடுத்த ஆஸ்பிரின் என்றால் நீங்களாக நிறுத்தவே கூடாது.

கேள்வி: நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இடது காது கேட்கவில்லை, இரைச்சல் மட்டும்தான். சளியாக இருக்குமோ என்று விட்டுவிட்டேன்.

பதில்: இன்றே கிளம்புங்கள். திடீரென்று கேட்காமல் போனால் ஸ்டீராய்டு சிகிச்சைக்கு முதல் 2 வாரம்தான் நல்ல நேரம், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. வயதானதால் காது மந்தம், வேறு ஒன்றும் இல்லை என்றார்கள். இரைச்சலுக்கு ஜின்கோ என்ற மூலிகை மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், அதனால் பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை. அவருக்குக் காரணம் காது மந்தம்தான், அதற்குக் காது மிஷின் வைத்துப் பாருங்கள். வெளிச் சத்தம் தெளிவாக உள்ளே வந்தால் இரைச்சல் பலருக்கு அதன் பின்னணியில் அமுங்கிவிடும். ராத்திரி மிஷினைக் கழற்றியதும் மறுபடி கேட்கும், அறை ஒரேயடியாக நிசப்தமாக இருக்க வேண்டாம், ஃபேன் ஓடட்டும்.