முதல் வேட்டைநாய்

அன்புள்ள ஐயா,

நான் தென்னாப்பிரிக்காவில் டோங்காட்டில் இருக்கிறேன். தாத்தா காலத்தில் கரும்புக்காட்டுக்கு நாய் கூட்டிப் போவார்களாம். அப்பா அதைச் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். போன இரண்டு குளிர்காலமும் வேலையிடத்து நண்பர் ஒருவரோடு மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பண்ணைக்குக் கினிக்கோழி வேட்டைக்குப் போய் வந்தேன். துப்பாக்கி உரிமம், வேட்டை உரிமம் எல்லாம் முறையாக எடுத்தாயிற்று. நாய்தான் இல்லை.

இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். மோய் ரிவர் ஊரில் ஒருவரிடம் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாய்ண்டர் (பறவை இருக்கும் இடத்தைக் காட்டி நிற்கும் வேட்டைநாய்) குட்டிகள், எட்டு வாரம் ஆகிறது. கிரேடவுன் பக்கம் வயதான விவசாயி ஒருவர் பண்ணையை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறார். அவரிடம் ஐந்து வயது ஆண் பாய்ண்டர் இருக்கிறது, நான்கு பருவம் வேட்டையாடிய நாய். மனைவி குட்டிதான் வேண்டும் என்கிறாள், பிள்ளைகளோடு சேர்ந்து வளருமாம் (ஏழு வயதும் நான்கு வயதும்). அப்பாவும் அதே கட்சி. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? வளர்ந்த நாய் நம்மை ஒட்டாது" என்கிறார். அம்மாவின் கவலை வேறு: புரட்டாசி மாதம் முழுக்க வீட்டில் கறி கிடையாது, நாய்க்கு என்ன செய்வது என்று கேட்கிறார். எனக்கு ஷிப்ட் வேலை, மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. வேட்டை தொடங்க இன்னும் ஆறு வாரம்தான். எதை எடுக்கட்டும்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கிரேடவுன் நாயைப் போய்ப் பாருங்கள். கீழே சொல்லும் சோதனைகளில் அது தேறினால் அதையே எடுங்கள். குட்டி இப்போது வேண்டாம்.

நான் முதலில் எடுத்தது குட்டி. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஈரல் நிறத்தில் ஒரு பெட்டை, மோப்பத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏழாவது மாதத்தில் அவசரப்பட்டு, நாலு பேர் சேர்ந்து சுடுகிற இடத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். அவள் தலைக்கு மேலேயே ஒருவர் இரண்டு குழலையும் அடுத்தடுத்து வெடித்தார். பேக்கி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தவள் இருட்டும் வரை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு துப்பாக்கி உறையின் ஜிப் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கும். பதின்மூன்று வருடம் எங்கள் வீட்டில் இருந்தாள். ஒரு நாளும் வேட்டைக்கு வரவில்லை. வெடிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து, அவள் சாப்பிடும் நேரத்தில், நாளுக்குக் கொஞ்சமாகப் பழக்கியிருக்க வேண்டும். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. சொல்லித்தரவும் ஆளில்லை. நாய் பழக்கத் தெரியாதவர் கையில் பழகாத நாய் வந்தால் இப்படித்தான் ஆகும். நட்டம் முழுக்க நாய்க்கு.

நீங்கள் ஆடுவது கினிக்கோழி வேட்டை என்பது இன்னொரு காரணம். கௌதாரி புல்லுக்குள் பதுங்கும். நாய் வாசனை பிடித்து, ஒரு முன்னங்காலைத் தூக்கி, வாலை விறைத்து நின்றால், நாம் நடந்து போய்ச் சேரும் வரை அது அசையாது. இளம் பாய்ண்டருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கினிக்கோழி ஓடும். அறுவடையான மக்காச்சோளக் காட்டில் ஒரு கூட்டம் தலையைத் தாழ்த்திக்கொண்டு வரிசையாக ஓடுவதைக் குட்டி பார்த்தால் என்ன படிக்கும்? நிற்பதால் பயனில்லை, துரத்தினால்தான் வேலைக்கு ஆகும் என்று படிக்கும். அதை அழிக்க அப்புறம் இரண்டு வருடம் ஆகும். பழகிய நாயின் வேலையே வேறு. கூட்டத்தை ஒருமுறை கிளப்பிச் சிதறடித்த பிறகு, தனித்தனியாகப் போய் உயரமான புல்லில் இறங்கிய கோழிகளைத் தேடும். தனியான கினிக்கோழி கௌதாரி மாதிரியே பதுங்கும். நாய் நிற்கும். பறவை ஊர்ந்து நகர்ந்தால் தானும் பத்தடி பூனை மாதிரி நகர்ந்து மறுபடி நிற்கும். பக்கத்தில் போய்ப் பாருங்கள், மூக்குத் துவாரம் மட்டும் விரிந்து சுருங்கும், வாய் இறுக மூடியிருக்கும், எச்சில் ஒரு நூலாக இறங்கும். உங்கள் முதல் வருடத்தில் அந்த நாய்தான் உங்களுக்கு வேட்டை சொல்லித்தரப் போகிறது.

அப்பா சொன்ன பழமொழியை நான் மறுக்கவில்லை. அது கிரேடவுன் நாய்க்குத்தான் சாதகம். வளைய வேண்டிய வயதில் அது வளைந்துவிட்டது, வளைத்தவர் தெரிந்தவர். மோய் ரிவர் குட்டியை வளைக்கப் போவது யார்? விடிய விடிய ஷிப்ட் முடித்து வரும் நீங்களா? எட்டு வாரக் குட்டிக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் வேண்டும். பதினாலு வாரத்துக்குள் அது பார்க்கிற மனிதர்கள், கேட்கிற சத்தங்கள், மிதிக்கிற தரை எல்லாம் சேர்ந்துதான் அதன் குணம். அந்த ஆறு வாரத்தைப் பூட்டிய முற்றத்தில் தனியாகக் கழிக்க விட்டால் பிறகு எந்தப் பயிற்சியும் ஈடாகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் குளிர்காலம் குட்டிக்கு இல்லை. அடுத்த குளிர்காலம் பள்ளிக்கூடம். நம்பிக் கூட்டிப் போவது மூன்றாவதில்தான். நீங்கள் வேட்டைக்காரராக இல்லாமல் வீட்டுக்கு மட்டும் நாய் கேட்டிருந்தால், வீட்டில் பகலில் ஆளும் இருந்திருந்தால், உங்கள் மனைவி பக்கம்தான் நின்றிருப்பேன்.

சரி, நாயைப் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியது. விற்கிற காரணம் நேர்மையாகத்தான் தெரிகிறது. ஆனாலும் வளர்ந்த நாய் கைமாறுவதற்கு மூன்று கெட்ட காரணங்கள் உண்டு: வெடிக்குப் பயம், பறவையைக் கடித்து நொறுக்கும் வாய், ஆட்டைத் துரத்தும் புத்தி. மூன்றையும் கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அவர் அதை வயலில் நடத்தட்டும், முடிந்தால் இரண்டு தனி நாட்களில். பருவம் தொடங்கவில்லை என்பதால் பறவை சுட முடியாது. வெற்றுத் தோட்டா ஒன்றைத் தூரத்தில் வெடிக்கச் சொல்லுங்கள். நாய் தலையைத் தூக்கி எங்கே விழுந்தது என்று தேட வேண்டும், உங்கள் காலடிக்கு வந்து ஒண்டக்கூடாது. உறைய வைத்த பழைய பறவை ஏதும் அவரிடம் இருந்தால், உருக வைத்து வீசி எடுத்து வரச் சொல்லுங்கள். நாயின் வாயிலிருந்து பறவையை வாங்கியதும் இறகுக்கு அடியில் விலாவை விரலால் தடவிப் பாருங்கள். எலும்பு முழுசாக இருந்தால் வாய் மென்மை. ஆடு மேய்கிற வேலியோரமாகக் கயிறில்லாமல் நடத்திப் பாருங்கள். மிட்லண்ட்ஸில் ஆட்டைத் துரத்தும் நாயை எந்தப் பண்ணையிலும் உள்ளே விடமாட்டார்கள், நியாயம்தான்.

நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பார்ப்பது ஒன்று உண்டு. அரை மணி நேரம் ஒரு பறவையும் கிடைக்காதபோது அந்த நாய் என்ன செய்கிறது? சலித்துப்போய்க் காலைச் சுற்றினால் யோசியுங்கள். காற்றுக்கு எதிராக இடமும் வலமுமாக இன்னும் தேடிக்கொண்டே, அவ்வப்போது திரும்பி எஜமானர் எங்கே என்று ஒரு பார்வை பார்த்தால், விலை பேசலாம்.

விலை பேசுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ந்த நாயில் இருக்கும் பெரிய வசதி, இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்து இப்போதே தெரிந்துகொள்ளலாம். குட்டியில் அது முடியாது. பண்ணை நாய் என்பதால் ஸ்பைரோசெர்கா புழு இருக்கிறதா என்றும் கேளுங்கள். சாணவண்டைத் தின்பதால் வரும், உணவுக்குழாயில் முடிச்சு முடிச்சாகக் கட்டும். வெறிநாய்க்கடி ஊசி போட்ட அட்டையை வாங்காமல் நாயை வண்டியில் ஏற்றாதீர்கள். குவாசுலு-நட்டாலில் 1976இல் திரும்ப வந்த நோய் அது, இன்னும் போகவில்லை. ஊசி சட்டப்படி கட்டாயம்.

பிலியரி நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்து நாய்களை நிறையக் கொண்டுபோகிற நோய் அது. உண்ணி கடித்து வருவது. வேட்டை முடிந்து வந்ததும் நாயைத் தரையில் படுக்கவைத்து, காதுக்குள், விரலிடுக்கில், வாலுக்கு அடியில் விரலை விட்டுத் தேடுங்கள். அதே கையோடு பாதத்தில் ஏறிய ஊசிப்புல்லையும் பிளாக்ஜாக் விதையையும் எடுத்துவிடலாம். அப்புறம் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பினால், சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஒரு நாள் தள்ளியதால் போன நாய்களை எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் ஈறு பார்க்கக் கற்றுக்கொடுங்கள், ஏழு வயதுக்காரர் நன்றாகவே செய்வார்.

"ஒட்டாது" என்ற பயம் வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் அது உங்களை ஒட்டாது என்பது நிஜம். கதவைப் பார்த்தே படுத்திருக்கும், பழைய எஜமானரைத் தேடும். அப்போது வயலுக்குக் கூட்டிப் போகாதீர்கள், கயிற்றிலிருந்து அவிழ்க்காதீர்கள். உங்கள் கையால் சோறு, உங்களோடு நடை, இரவில் உங்கள் குரல் கேட்கும் இடத்தில் படுக்கை. உங்களிடம் ஆறு வாரம் இருக்கிறது, அது போதும். பண்ணைக் கொட்டிலில் கிடந்த நாய் வீட்டுக்குள் இருந்து பழகியிருக்காது. சாப்பிடும் தட்டுப் பக்கமும் தூங்கும் இடத்துப் பக்கமும் நான்கு வயதுப் பிள்ளை போகாமல் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும். வாங்குவதற்கு முன் ஒருமுறை பிள்ளைகளையும் கிரேடவுனுக்குக் கூட்டிப் போய், அவர்களிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பாஷை விஷயம் ஒன்று. கிரேடவுன் விவசாயி என்றால் அந்த நாய் ஆஃப்ரிகான்ஸ் கேட்டு வளர்ந்திருக்கலாம். பண்ணையாட்களிடம் சுலுவும் கேட்டிருக்கும். என்னிடம் அப்படி ஒரு நாய் வந்தபோது "வா வா" என்று ஒரு வாரம் கூப்பிட்டேன், திரும்பியே பார்க்கவில்லை. தோட்டத்தில் வேலை செய்தவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "வோசா" என்றார், சுலுவில் "வா" என்று. எழுந்து ஓடியது. வயலில் அதன் பழைய சொற்களையே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ் பேசுங்கள், அதையும் கற்றுக்கொள்ளும். பெயரையும் மாற்ற வேண்டாம், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு கவர வந்தவர்களை எதிர்த்து நின்ற நாயை அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. ஆயிரத்து நானூறு வருடமாக அந்தப் பெயர் நிற்கிறது. நம் ஆட்கள் நாயின் பெயரை அப்படி மதித்தவர்கள்.

அம்மாவுக்கு: புரட்டாசி வருவதற்குள் வேட்டைப் பருவம் முடிகிற நேரம். உலர்தீனி மூட்டையையும் நாயின் தட்டையும் கராஜில் வையுங்கள், சமையலறைக்கு வர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் எத்தனையோ புரட்டாசி அப்படித்தான் போயிருக்கிறது. விரதம் நமக்கு, நாயைப் பட்டினி போடவோ வெறும் பருப்புச் சோற்றில் நிறுத்தவோ கூடாது.

மனைவியின் ஆசையும் வீணாகாது. ஐந்து வயது நாய்க்கு இன்னும் நான்கைந்து நல்ல பருவங்கள் இருக்கும். அதற்கு ஏழு வயது ஆகும்போது ஒரு குட்டி எடுங்கள். பெரிய பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது, நடத்திச் செல்ல உதவுவார். பெரிய நாய் நிற்பதைப் பார்த்துக் குட்டியும் நிற்கக் கற்கும். அதற்குள் உங்களுக்கும் எது நல்ல நிற்றல், எது பறவையே இல்லாத இடத்தில் நிற்கும் திருட்டு நிற்றல் என்று தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை கிரேடவுன் போகிறீர்கள் என்றால் காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் வாசனை நிற்காது. எடுப்பது என்று முடிவானால் அந்த நாய் படுக்கும் போர்வையைத் துவைக்காமல் கேட்டு வாங்குங்கள். அவர் கழுத்தில் தொங்குகிற விசிலையும் கேளுங்கள். அதே மாதிரி புதியது கடையில் கிடைக்கும், ஆனால் ஐந்து வருடமாக அந்த நாய் கேட்டது அந்த விசிலை.