இரண்டு மணி நேரத்துக்குள் ஹாஃப் மாரத்தான்: கைநழுவிய 11 நிமிடங்கள் எங்கே போயின?

கேள்வி: எனக்கு வயது 38, வேளச்சேரியில் இருக்கிறேன். போன ஜனவரியில் சென்னையில் என் முதல் ஹாஃப் மாரத்தானை (21.1 கி.மீ.) 2 மணி 11 நிமிடத்தில் முடித்தேன். முதல் 5 கி.மீ. 27:15, 10 கி.மீ. வந்தபோது 56:30. அதுவரை சுகமாக இருந்தது. 15 தாண்டியதும் கால் நகரவில்லை, பாதி நடந்துதான் முடித்தேன். செப்டம்பரில் 10 கி.மீ. மட்டும் முழு வேகத்தில் ஓடிப் பார்த்ததில் 56 நிமிடம் ஆனது. வாரம் நான்கு நாள் ஓடுகிறேன், எல்லா நாளும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 நிமிடம். இன்னும் 12 வாரம் இருக்கிறது. வரும் ஜனவரியில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க முடியுமா? கெண்டைக்கால் வேறு அடிக்கடி இறுகிக்கொள்கிறது.

பதில்: போட்டி நாளைக்கே என்றால் முடியாது என்றுதான் சொல்வேன். ஜனவரியில் முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது.

முதலில் கணக்கு. பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் வெளியிட்ட ஒரு சூத்திரத்தை ஓட்டக்காரர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தூரம் கூடக் கூட வேகம் எவ்வளவு குறையும் என்று அது மதிப்பிடுகிறது. அதன்படி 10 கி.மீ. நேரத்தை 2.206ஆல் பெருக்கினால் ஹாஃப் மாரத்தான் நேரம் வரும். உங்கள் 56 நிமிடத்துக்கு 2 மணி 3 நிமிடம் 30 நொடி. இரண்டு மணி நேரத்தில் முடிக்க, 10 கி.மீ.யை 54:20 அளவில் ஓடும் கால் வேண்டும். இடைவெளி ஒன்றே முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் செப்டம்பர் சென்னையின் புழுக்கத்தில் ஓடிய 56 அது. ஜனவரி விடியற்காலையில் அதே உழைப்புக்கு இன்னும் நல்ல நேரம் கிடைக்கும்.

போன ஜனவரிக்கு வருவோம். 15க்குப் பிறகு கால் விட்டுவிட்டது என்கிறீர்கள். நீங்கள் எழுதிய எண்களைப் பார்த்தால், பிரச்சினை முதல் 5 கி.மீ.யிலேயே தொடங்கிவிட்டது. 27:15 என்றால் கிலோமீட்டருக்கு 5:27. அதற்கப்புறம் எட்டு மாதம் பயிற்சி செய்து செப்டம்பரில் நீங்கள் முழு மூச்சாக ஓடிய 10 கி.மீ.யின் வேகமே 5:36தான். அதாவது 21 கி.மீ. போட்டியை உங்கள் 10 கி.மீ. வேகத்தைவிட அதிக வேகத்தில் ஆரம்பித்திருக்கிறீர்கள். அடுத்த 5 கி.மீ.க்கு 29:15 ஆகியிருக்கிறது. சுகமாக இருந்ததாக நினைத்த நேரத்திலேயே இரண்டு நிமிடம் இழந்துவிட்டீர்கள். கூட்டம், மேளம், இருட்டில் ஓடும் உற்சாகம், இரண்டு வாரம் ஓய்வெடுத்த கால் எல்லாம் சேர்ந்தால் 5:27கூட நடை மாதிரிதான் தெரியும். அந்த நேரத்து உணர்வை நம்பவே கூடாது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். வேகம் கூடினால் தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்து வேகமாகக் கரையும், உடல் சூடும் அதே அளவுக்கு ஏறும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் நம் வியர்வை காய்வதில்லை, சொட்டிக் கீழே விழுகிறது. சூட்டைத் தணிக்க இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், காலுக்கும் அனுப்ப வேண்டும். அதனால் ஒரே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். குளிர்ந்த ஊரில் ஓடுகிறவருக்கு முதல் 5 கி.மீ. தவறுக்கு மன்னிப்பு கிடைக்கலாம், சென்னையில் கிடைக்காது.

பயிற்சியில் முதல் மாற்றம் உங்களுக்குப் பிடிக்காது: பெரும்பாலான நாள் மெதுவாக ஓடுங்கள். தினமும் 6 நிமிட வேகம் என்பது உங்களுக்கு இரண்டும்கெட்டான். களைப்பு மிஞ்சும், ஆனால் வேகமும் வராது, தாக்குப்பிடிக்கும் திறனும் முழுதாக வளராது. வாரத்தில் இரண்டு நாள் கிலோமீட்டருக்கு 6:45 முதல் 7:15 நிமிடம் வரை, பக்கத்தில் ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேசக்கூடிய வேகத்தில் போங்கள். மற்றவர்கள் முந்திப் போவார்கள், போகட்டும்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வேகம். பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு, முதல் நான்கு வாரம் 1 கி.மீ. வீதம் ஐந்து முறை, 5:20இல். நடுவில் இரண்டு நிமிடம் மெல்லோட்டம். அப்புறம் 2 கி.மீ. வீதம் மூன்று முறை, 5:30இல். கடைசி ஓட்டத்தை முடித்ததும் இன்னும் ஒன்று ஓடலாம் என்று தோன்ற வேண்டும். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், 12 கி.மீ.யில் தொடங்கி 18, 19 வரை. என்னைக் கேட்டால் உங்கள் இரண்டு மணியைத் தீர்மானிக்கப் போவது இந்த ஓட்டம்தான். ஒரு ஞாயிறு முழுவதும் மெதுவாக. அடுத்த ஞாயிறு, உதாரணமாக 16 கி.மீ. என்றால், முதல் பத்தை 6:50இல் ஓடிவிட்டுக் கடைசி ஆறை 5:40இல் ஓடுங்கள். களைத்த காலோடு போட்டி வேகத்தைப் பிடிப்பது ஒரு தனிப் பழக்கம், அதைப் போட்டி நாளில் புதிதாகக் கற்க முடியாது. இதற்குச் சிக்னல் இல்லாத தடம் வேண்டும். விடியற்காலையில் மெரினாவில் உழைப்பாளர் சிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே போய்வந்து ஓடுவது வசதி.

இடையில் வடகிழக்குப் பருவமழை வரும். உங்கள் பகுதியில் தண்ணீர் தேங்கினால் தெருவில் ஓடாதீர்கள், திறந்து கிடக்கும் குழி தெரியாது. டிரெட்மில்லில் 1 சதவீத ஏற்றம் வைத்து ஓடலாம். ஒரு ஞாயிறு தவறினால் அதை மறந்துவிடுங்கள். இரண்டு வாரத் தூரத்தை ஒரே வாரத்தில் ஈடுகட்டப் போய்த்தான் பலர் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு மறுபடி 10 கி.மீ.யை முழு வேகத்தில் ஓடிப் பாருங்கள். 54:30க்குள் வந்தால் இரண்டு மணியை நம்பிப் போகலாம். 55:30 என்றால் சூத்திரம் 2:02:30 என்கிறது. அப்படியானால் 2:03ஐ இலக்காக வையுங்கள். அதுவும் போன ஆண்டைவிட எட்டு நிமிடம் குறைவு. 55:30 ஓடும் கால்களை வைத்துக்கொண்டு இரண்டு மணி வேகத்தில் தொடங்கினால் போன ஜனவரிதான் திரும்ப வரும். கடைசி இரண்டு வாரம் தூரத்தை முதலில் முக்கால் பங்காகவும் பிறகு பாதியாகவும் குறையுங்கள், செவ்வாய் வேகத்தை மட்டும் கொஞ்சம் தொட்டு வையுங்கள்.

போட்டி நாள் கணக்கு இப்படி. தூரம் 21.0975 கி.மீ., இரண்டு மணிக்குக் கிலோமீட்டருக்கு 5:41. முதல் 3 கி.மீ. 5:45, அதன் பிறகு 5:38. கையில் பேனாவால் நான்கு எண் எழுதிக்கொள்ளுங்கள்: 5இல் 28:30, 10இல் 56:40, 15இல் 1:24:50, 20இல் 1:53:00. இப்படிப் போனால் 1:59:12இல் முடியும். 10 கி.மீ. நேரம் போன தடவை மாதிரியேதானே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அன்று அது உங்கள் உச்ச வேகம். பயிற்சி பலித்தால் இந்தத் தடவை அது உங்கள் சிறந்த 10 கி.மீ. நேரத்தைவிட இரண்டு நிமிடம் மெதுவாக இருக்கும். மிச்சம் 11 கி.மீ. அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முறைப்படி அளக்கும் தடங்களில் வளைவின் உள் விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, இருப்பதிலேயே குறுகிய பாதையைத்தான் அளப்பார்கள். நீங்கள் கூட்டத்தைச் சுற்றி, வளைவில் வெளிப்பக்கமாக ஓடினால் வாட்ச் 21.3 கி.மீ. காட்டும். வாட்சில் 5:41 என்று பார்த்து நிம்மதியாக ஓடி, ஒரு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்வது இதனால்தான். வாட்சின் தானியங்கி லேப்பை (ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தானே நேரம் பதியும் வசதி) அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போது நீங்களே பட்டனை அழுத்துங்கள். இரண்டு மணி பேஸரோடு (அந்த நேரத்தில் முடிக்கும் வேகத்தில் ஓடி வழிகாட்டுகிறவர்) ஓடுவதாக இருந்தால், அவர் கணக்கு துப்பாக்கி நேரத்திலிருந்தா (போட்டி தொடங்கிய நொடி), சிப் நேரத்திலிருந்தா (தொடக்கக் கோட்டைக் கடந்த நொடி) என்று தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ, பழக்கம் இருந்தால் காபி. வழியில் தாகத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாக, உப்பு கலந்த பானமாகக் குடியுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும். ஜெல் (ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் இனிப்புக் கூழ்) எடுப்பதாக இருந்தால் 45ஆம் நிமிடத்தில் ஒன்று, 80ஆம் நிமிடத்தில் ஒன்று. ஞாயிறு ஓட்டங்களில் சோதித்துப் பார்த்த ஜெல்லாக இருக்கட்டும்.

கெண்டைக்கால் இறுக்கம் பெரும்பாலும் தினசரி 6 நிமிட ஓட்டத்தின் விளைவாகத்தான் இருக்கும், வேகத்தைக் குறைத்ததும் குறைய வேண்டும். கூடவே படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மூன்று எண்ணி ஏற்றி மூன்று எண்ணி இறக்குங்கள். காலுக்குப் பதினைந்து வீதம் மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டும்படி முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்தால் அது இறுக்கம் இல்லை. அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.