ஆதார் எதற்குத் தோழர்? – கேள்வி பதில்

மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு பத்து வருடம் அலைந்தவன் நான். 34 வயதில் வலைத்தளம் செய்யும் வேலைக்கு மாறினேன். பகலில் சோற்றுக்கான வேலை, இரவில் இயக்கத்துக்கான வேலை. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

திருப்பூரில் கணக்கெழுதுகிறேன், வயது 36. கோடிங் சுத்தமாகத் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?

பக்கத்தின் அமைப்புக்கு ஹெச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், அப்புறம் பட்டன் வேலை செய்ய ஜாவாஸ்கிரிப்ட். பயிற்சிக்கு எல்லோரையும் போல ஹோட்டல் மெனு பக்கம் செய்யாதீர்கள். உங்கள் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை எடுங்கள். சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் வேட்பாளர் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002, 2003 தீர்ப்புகளில் உறுதி செய்தது. தேர்தல் ஆணையத் தளத்தில் அவை ஸ்கேன் செய்த பிடிஎஃப்களாகக் கிடக்கின்றன, உள்ளே இருப்பதைத் தேட முடியாது. அவற்றைத் தட்டச்சு செய்து, சொத்து வாரியாக வரிசைப்படுத்த ஒரு பட்டன் வையுங்கள். கூட்டுத்தொகை எங்கே இடிக்கிறது என்பது பட்டதாரிப் பையன்கள் கண்ணில் படாது, உங்கள் கண்ணில் படும். இன்டர்வியூவில் இதையே காட்டுங்கள்.

மூன்று மாதத்தில் வேலை கிடைக்குமா?

கிடைக்காது. எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. கையில் காசு சேர்க்காமல், இப்போது பார்க்கும் வேலையை விடாதீர்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் நான். கட்சிக்குத் தளம் செய்து தரலாமா?

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 படித்தீர்களா? வக்கீலைக் கேளுங்கள், என்னை அல்ல.

கோவை. குளம் ஆக்கிரமிப்புக்கு எதிராகக் கையெழுத்து இயக்கம். பெயர், செல் நம்பர், ஆதார் எண் வாங்க ஒரு ஃபார்ம் வேண்டும். எது சுலபம் தோழர்?

ஆதார் எதற்குத் தோழர்? 2015இல் இணையச் சமவாய்ப்பு, அதாவது எல்லாத் தளங்களையும் இணைய நிறுவனங்கள் சமமாக நடத்துவது பற்றி, ட்ராய் எனும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டது. தன்னார்வலர்கள் ஒரு தளம் கட்டி, பதிலை எழுதியே கொடுத்தார்கள். மக்கள் அவரவர் மின்னஞ்சலிலிருந்து அனுப்பினார்கள், பத்து லட்சத்துக்கு மேல். 2016 பிப்ரவரியில் தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்கும் பாரபட்சத்துக்குத் தடையும் வந்தது. ஆனால் நடுவில் ட்ராய் அத்தனை மின்னஞ்சல்களையும் முகவரியோடு இணையத்தில் போட்டுவிட்டது. ஒழுங்குமுறை ஆணையமே அப்படி என்றால், ஃபார்மில் வாங்குவதெல்லாம் போய்ச் சேரும் உங்கள் ஷீட் எம்மாத்திரம்?

அதே தோழர்: ஆதாரை விடுங்கள். நம்பர் இல்லாமல் நாளைக்கு ஆளை எப்படிக் கூப்பிடுவது? நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறீர்கள்.

நாற்காலியில் உட்கார்ந்துதான் நானும் ஒரு பட்டியல் செய்தேன். லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். எதிர்த்தரப்பு கையில் கிடைத்தது. கையெழுத்துப் போட்ட இரண்டு பெண்களுக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது. ஒருவர் வீட்டில் அதோடு கூட்டத்துக்கு வரவே விடவில்லை. இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போக எனக்குக் கூச்சம்.

நம்பர் வேண்டுமா? மனு வேறு, தொடர்புப் பட்டியல் வேறு. விரும்பினவர்களிடம் மட்டும் தனியாக வாங்குங்கள். வேலை முடிந்ததும் அழியுங்கள்.

மதுரை: கோவைத் தோழர் சொல்வதுதான் சரி. இப்படிப் பயந்தால் நூறு பேரைக்கூடச் சேர்க்க முடியாது.

நூறு பேரைச் சேர்க்கலாம். அடுத்த முறை அந்த நூறு பேரும் வர வேண்டுமே.

எந்த லேப்டாப், எந்த லாங்குவேஜ்?

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். லேப்டாப் இருக்கிறதே போதும். லாங்குவேஜ் மேலே சொல்லிவிட்டேன்.

பழைய அரசாணையிலிருந்து காப்பி செய்தால் குப்பையாக வருகிறது.

அது வானவில் போன்ற பழைய எழுத்துரு. எழுத்துரு மாற்றும் மென்பொருளை வைத்து, எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடாக்குங்கள். ணகரம் னகரத்தைக் கண்ணால் சரிபாருங்கள். உங்கள் தளத்தின் டொமைன், அதாவது இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். வாங்கிக் கொடுத்த பையன் துபாய் போன பிறகு தேட வேண்டாம்.

கோவை: ஆதாரை எடுத்துவிட்டேன். நம்பர் இருக்கும்.

சரி. அந்த ஷீட் இப்போது எத்தனை பேர் கையில் இருக்கிறது?