காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு செய்யலாமா? கேள்வி பதில்

கையால் சோப்பு செய்து விற்க ஆரம்பித்துப் பதினொரு வருடம் ஆகிறது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, இயற்கை சோப்பு என்று சொல்லி விற்கிறோம். அதில் காஸ்டிக் சோடா போடுவது சரியா? அது இல்லாமல் முடியாதா?

முடியாது. எண்ணெயும் காரமும் வினைபுரிந்தால்தான் சோப்பு. கட்டி சோப்புக்கு அந்தக் காரம்தான் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. உருக்கி ஊற்றும் ரெடிமேட் பேஸ் வாங்கினாலும், அந்தக் கார வேலையை வேறொருவர் நமக்கு முன்பே செய்து முடித்திருக்கிறார், அவ்வளவுதான். அளவு சரியாக இருந்தால் காஸ்டிக் சோடா முழுவதும் சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும், மிச்சம் இருக்காது. வாங்குபவர் கேட்டால் மறைக்காமல் இதையே சொல்லுங்கள். "கெமிக்கலே இல்லை" என்று மட்டும் அச்சடிக்க வேண்டாம், அது பொய்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் 300 கிராம், ஆலிவ் எண்ணெய் 600, விளக்கெண்ணெய் 100, காஸ்டிக் சோடா 141 கிராம் என்று ஒரு அளவு கிடைத்தது. தேங்காய் எண்ணெய் கைவசம் இல்லாததால் அதற்கும் சேர்த்து ஆலிவ் எண்ணெயே 900 ஊற்றினேன். ஒரு மாதம் கழித்தும் சோப்பு போட்டால் கை எரிகிறது. ஏன்?

எண்ணெயை மாற்றினீர்கள், காரத்தை மாற்றவில்லை. ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வொரு அளவு காரத்தைக் கேட்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஆலிவுக்கு 0.135 போதும், விளக்கெண்ணெய்க்கு 0.128. முதல் கலவைக்குக் கணக்குப் போட்டால் 148.7 கிராம் வருகிறது. அதில் 5 சதவீதம் குறைத்தால் 141. இப்படிக் குறைப்பதால் கொஞ்சம் எண்ணெய் வினைபுரியாமல் தங்கிவிடும். சோப்பு தோலை வறட்டாமல் இருக்க அதுதான் உதவுகிறது, சூப்பர்ஃபேட் என்று சொல்வது இதைத்தான்.

உங்கள் கலவை முழுவதுமாக வினைபுரிந்தாலும் 134 கிராம்தான் தாங்கும். மீதி 7 கிராம் காரம் சோப்புக்குள்ளேயே இருக்கிறது. இன்னும் மூன்று மாதம் வைத்தால் சரியாகும் என்று நம்பி விற்காதீர்கள். கையுறை போட்டுத் துருவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மெதுவான சூட்டில் இளக்கி, 5 சதவீத சூப்பர்ஃபேட்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 107 கிராம் ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் கிளறி மறுபடி அச்சில் போடலாம். பார்க்கச் சொரசொரப்பாக இருக்கும், வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் எடையில்தான் அளக்க வேண்டும், கப், ஸ்பூன் எல்லாம் வேண்டாம். ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் தராசுதான் இந்தத் தொழிலில் முதல் முதலீடு.

கேள்வி: காரத்தைக் கரைக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தண்ணீரை எடுத்துக்கொண்டு அதில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. ஆரம்பத்தில் அது தெரியாமல் ஒரு பழைய அலுமினியச் சட்டியில் கரைத்தேன். ஒரே நிமிடத்தில் சட்டி கறுத்து, ஓரமெல்லாம் நுரைத்துக் கொதிக்க ஆரம்பித்தது. வெளியேறியது ஹைட்ரஜன், தீப்பிடிக்கும் வாயு. நல்லவேளை, பக்கத்தில் அடுப்பு எரியவில்லை. எவர்சில்வர் அல்லது கெட்டியான பாலிபுரோப்பிலீன் ஜாடி போதும்.

கேள்வி: 4 முதல் 6 வாரம் உலர வைக்கச் சொல்கிறார்கள். ஆர்டர் காத்திருக்கிறது, இரண்டு வாரத்தில் கொடுக்கலாமா?

வேதிவினை ஓரிரு நாளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்கப்புறம் காத்திருப்பது தண்ணீர் வெளியேறி சோப்பு இறுகுவதற்காக. அவசரப்பட்டுக் கொடுத்தால் குளியலறையில் கூழாகிவிடும், வாங்கியவர் திரும்ப வரமாட்டார். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு கட்டியில் குறி போட்டு வாராவாரம் நிறுத்துப் பார்ப்பேன். 112 கிராமில் தொடங்கியது 98-க்கு வந்து, அப்புறம் இரண்டு வாரம் அங்கேயே நின்றால் பேக் செய்வேன். லேபிளில் போட வேண்டிய எடையும் அதுதான், வெட்டிய அன்று இருந்த எடை இல்லை.

கேள்வி: பிஹெச் 5.5 உள்ள சோப்பு செய்வது எப்படி? எலுமிச்சைச் சாறு சேர்த்தால் குறையுமா?

பிஹெச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண், 7-க்கு மேல் போனால் காரம். உண்மையான சோப்பின் பிஹெச் 9, 10 அளவில்தான் இருக்கும். 5.5-க்கு இறக்கினால் அது உடைந்து கொழுப்பு அமிலமாகிவிடும், சோப்பாக இருக்காது. அந்த எண்ணோடு விற்கும் கட்டிகள் வேறு வகை சலவைப் பொருளால் ஆனவை.

கேள்வி: கற்றாழை க்ரீம் செய்தேன். வைட்டமின் ஈ சேர்த்தும் பத்து நாளில் பூஞ்சை வந்துவிட்டது. பிரிட்ஜில் வைத்து விற்கலாமா?

வேண்டாம். இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. வைட்டமின் ஈ எண்ணெய் காறாமல் பார்த்துக்கொள்ளும், கிருமியை ஒன்றும் செய்யாது. கற்றாழை, பன்னீர், மூலிகைக் கஷாயம் எதுவானாலும் உள்ளே தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இருந்தால் பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை மூன்றையும் தடுக்கும் பதப்படுத்தி கட்டாயம் வேண்டும். பூஞ்சை நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே க்ரீமில் பாக்டீரியா பெருகியிருக்கலாம். அதை ஒருவர் வெடிப்புள்ள தோலிலோ கண் ஓரத்திலோ தடவுவார். பிரிட்ஜ் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

பதப்படுத்தி என்றதும் இயற்கை போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். ஃபீனாக்ஸி எத்தனால் என்ற பதப்படுத்தியை ஐரோப்பிய விதிகள் 1 சதவீதம் வரை அனுமதிக்கின்றன. சார்பேட், பென்சோயேட் வகைகள் க்ரீம் அமிலத்தன்மையோடு இருந்தால்தான் வேலை செய்யும், அதனால் பிஹெச் பார்க்காமல் போட்டுப் பயனில்லை. விற்பதற்கு முன் ஆய்வகத்தில் நுண்ணுயிர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதுவரை தண்ணீரே இல்லாத தைலம், உதட்டு பாம், ஷியா வெண்ணெய் இவற்றில் தொடங்கலாம். ஈர விரலை டப்பாவில் விடக்கூடாது என்று மட்டும் லேபிளில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு மாதத்தில் சோப்பில் ஆரஞ்சு புள்ளிகள். காரணம்?

எண்ணெய் காறிவிட்டது. பழைய எண்ணெய், அதிக சூப்பர்ஃபேட், சூரியகாந்தி எண்ணெய் அதிகம், இரும்புக் கம்பித் தட்டில் காய வைத்தது. இந்த நான்கையும் பாருங்கள்.

கேள்வி: என் சோப்பால் எக்ஸிமா குறைந்தது என்று வாடிக்கையாளர்களே சொல்கிறார்கள். லேபிளில் போடலாமா?

போடாதீர்கள். நோயைக் குணமாக்கும் என்று எழுதினால் பல நாடுகளில் அது சட்டப்படி மருந்தாகிவிடும். அதைவிட முக்கியம், இன்னொருவர் டாக்டரிடம் போவதை அது தள்ளிப்போடும். வாசனை எண்ணெய்களும் சாதுவானவை இல்லை. லாவெண்டரில் உள்ள லினலூல் காற்றுப் பட்டுப் பழசானால் சிலருக்கு ஒவ்வாமை வரும். என் லாவெண்டர் சோப்பில் ஒரு பெண்ணுக்குக் கை முழுக்கத் தடித்துவிட்டது. அன்றிலிருந்து வாசனையில்லாத ஒரு கட்டி எப்போதும் வைத்திருக்கிறேன். இன்று அதிகம் விற்பது அதுதான்.

கேள்வி: விலை எப்படி வைப்பது?

எண்ணெய், காரம் மட்டும் கூட்டாதீர்கள். உங்கள் நேரத்துக்குக் கூலி, உறை, வீணான ஓரத்துண்டு, மாதிரிக்குக் கொடுத்தது, பரிசோதனைச் செலவு எல்லாம் உள்ளே வர வேண்டும். கடைக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அவர்கள் பங்கையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள். அப்புறம் ஏற்றுவது கஷ்டம்.

கேள்வி: ஆட்டுப்பால் சோப்பு பழுப்பாகி நாற்றமும் வருகிறது. பால் கெட்டுவிட்டதா?

இல்லை, காரத்தின் சூட்டில் பாலிலுள்ள சர்க்கரை கருகியிருக்கிறது. பாலைக் கட்டியாக உறைய வைத்து, அதன்மேல் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரையுங்கள். ஊற்றிய பிறகு அச்சைப் போர்த்த வேண்டாம். அந்த அமோனியா வாசனை சில நாளில் தானாகப் போய்விடும்.